தோற்றேன் என்று எழுதும் இடம்

அக்டோபர் 5, சனி

மூன்று மணிக்கு வரச் சொன்னவர் மூன்றே முக்காலுக்குச் சாவியை ஆட்டிக்கொண்டு வருகிறார். உறையூர் நவயுகச் சதுரங்க மன்றத்தின் செயலாளர் வேதமூர்த்தி. வயது அறுபத்தைந்து. மன்னிப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து அன்றும் வந்ததில்லை, இன்றும் வரவில்லை. "அட, குணவதியா! நீங்கல்லாம் இன்னும் இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் ஐயா, உம்மைப் பார்ப்பதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. மாடிப்படி ஏறிய இரைப்பில் பேச முடியவில்லை.

விஷயம் இதுதான். மன்றத்தின் மர அலமாரியில் கறையான் செல் புகுந்துவிட்டது. ஐம்பது வருஷமாக உறுப்பினர்கள் ஆடிய ஆட்டங்களின் தாள்கள் அதில்தான் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்து, ஒவ்வொரு நகர்வாகக் கணினியில் ஏற்ற ஆட்கள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. சனி, ஞாயிறு மதியம் மட்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மாதானே இருக்கிறோம், ஒரு நல்ல காரியம் செய்வோமே என்று போனேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

வீட்டுக்காரர் மட்டும் கிண்டலாகக் கேட்டார். "எண்பத்தாறாம் வருசத்துக் கட்டு எந்தத் தட்டுல இருக்குன்னு பாத்துட்டியா?"

பதில் சொல்லவில்லை. மூன்றாவது தட்டு.

அக்டோபர் 6, ஞாயிறு

என்னோடு வேலை செய்ய வந்திருப்பவள் நஸ்ரின். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், முப்பது வயதிருக்கும். என்னை ஆன்ட்டி என்கிறாள். முதலில் எரிச்சலாக இருந்தது, பரவாயில்லை, வேலையில் சுத்தம். ஒவ்வொரு தாளையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, செல் மண்ணை உதிர்த்து, வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுக்கிறாள். நான் நகர்வுகளைத் தட்டுகிறேன். நடக்க முடியாத நகர்வைத் தட்டினால் கணினி ஏற்றுக்கொள்வதில்லை. ஒருத்தர் கிறுக்கலில் குதிரை எங்கே போனது என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

எங்கள் மன்றத்தின் ஒன்பதாம் விதியை நஸ்ரினுக்குச் சொன்னேன். தாளின் அடியில் ஒரு கோடு இருக்கும். தோற்றவர் அங்கே தன் கையால் 'தோற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெயித்தவர் ஒன்றும் எழுத வேண்டாம். அந்தக் கோடு காலியாக இருந்தால், மேட் ஆகியிருந்தாலும் சரி, அது முடிவுறாத ஆட்டம். போட்டியாக இருந்தால் இரண்டு பேரில் யார் மூத்த உறுப்பினரோ அவருக்குத்தான் ஜெயம்.

"எந்தத் தாளைப் பாத்தாலும் தோற்றேன், தோற்றேன்னே இருக்கு ஆன்ட்டி. இந்தக் கிளப்புல யாருமே ஜெயிக்கலியா?" என்று சிரித்தாள். முடிவுறாத ஆட்டத்துக்குக் கணினியில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டுமாம்.

அக்டோபர் 9, புதன்

மழை. மாவு புளித்துவிட்டது. கேஸ்காரர் வரவில்லை.

அக்டோபர் 12, சனி

சொல்லக்கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். சுவரில் சாம்பியன்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. '1986 – எஸ். வேதமூர்த்தி' என்ற வரியை எத்தனை தரம் பார்ப்பேன்? நஸ்ரின் கவனித்துவிட்டாள்.

அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் அவரை ஜெயித்தது நான். நாற்பத்தோராவது நகர்வில் மேட். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, மன்றத்தில் ஒரே பெண். மனிதர் காய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கோடு காலி. என்னைவிட இரண்டு வருஷம் மூத்த உறுப்பினர் என்பதால் கோப்பையும் அவருக்கே. அன்று படியிறங்கியவள்தான் நான், இந்த மாதம்தான் திரும்ப ஏறியிருக்கிறேன். ஒரு பெண்ணிடம் தோற்றேன் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. இது அநியாயம் இல்லையா? சொல்லச் சொல்ல எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"அநியாயம்தான் ஆன்ட்டி," என்றாள் நஸ்ரின். "அரையிறுதில யாரோட ஆடினீங்க?"

ஞாபகம் இல்லை என்றேன். யாரோ வரவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எண்பத்தாறாம் வருஷக் கட்டைப் பிரித்தாயிற்று. மேலே இருந்தவை முதல் இரண்டு சுற்றுத் தாள்கள். நஸ்ரின் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "மருதைன்னு ஒருத்தர். இனிஷியல்கூட இல்ல. ரெண்டு பேரை அடிச்சிருக்காரு, அதுவும் எப்படி! யாரு ஆன்ட்டி இது?"

எதிர்ச் சந்து டீக்கடையில் வேலை பார்த்தவன். கிளாஸைக் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பான். பதினாறு பேர் சேர வேண்டிய போட்டியில் ஓர் ஆள் குறைந்ததால், சும்மா உட்காருடா என்று அவனையும் சேர்த்தார்கள். இதைச் சொன்னேன்.

"அப்புறம்?"

அப்புறம் எனக்குத் தெரியாது. மூட்டுவலி என்று ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். மூட்டு நிஜமாகவே வலித்தது.

அக்டோபர் 19, சனி

கிடைத்துவிட்டது! இறுதி ஆட்டத்தின் தாள். மேல் மூலையைச் செல் தின்றிருக்கிறது, மற்றபடி முழுசாக இருக்கிறது. நாற்பத்தொரு நகர்வையும் தட்டினேன். திரையில் அவருடைய ராஜா மூலையில் நிற்கிறது, என்னுடைய இரண்டு யானையும் அதைக் கட்டிப்போட்டிருக்கின்றன. கணினியே மேட் என்கிறது. அடுத்து முடிவைக் கேட்டது. நட்சத்திரக் குறி போட வேண்டும்.

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கையால் என் ஜெயத்துக்கு நட்சத்திரம் போடவா நான் இந்தப் படியெல்லாம் ஏறி வந்தேன்?

அக்டோபர் 20, ஞாயிறு

வேதமூர்த்தியின் மேஜையில் தாளை வைத்தேன். "எழுதுங்க," என்றேன்.

"என்னம்மா இது, விதின்னு ஒண்ணு இருக்கில்ல? ஆட்டம் அன்னைக்கே முடிவுறாததுன்னு பதிவாயிடுச்சு."

"விதியா? மேட் வாங்கிட்டுக் குடையைத் தூக்கிட்டு ஓடுறதுக்குப் பேரு விதியா?" அடுத்த அறையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கோழை என்றேன். கோப்பைத் திருடர் என்றும் சொன்னதாக நஸ்ரின் சொல்கிறாள்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தக் கட்டுல இருக்குற எல்லாத் தாளையும் பாத்துட்டீங்களா குணவதி?" என்று கேட்டார்.

என்ன கேள்வி இது? பேச்சை மாற்றுவதில் மன்னன்.

அக்டோபர் 26, சனி

கமிட்டிக் கூட்டம். நானே எழுந்து பேசினேன். செல் அரிப்பதிலிருந்து தாள்களைக் காப்பாற்றுகிறோம் என்கிறீர்கள், தாளில் உள்ள பொய்யை யார் காப்பாற்றச் சொன்னது என்று கேட்டேன். கோடு காலியாக இருக்கும் ஆட்டங்களில், தோற்றவர் உயிரோடு இருந்தால், இப்போதாவது வந்து எழுதட்டும், அதன்படி முடிவும் மாறட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கைதட்டினார்கள். ஐந்து பேரும் ஆதரவு. முதலில் கையைத் தூக்கியது வேதமூர்த்தி!

வெட்கம் வந்துவிட்டது போல. பெயர்ப்பலகையில் என் பெயரை எழுத நவம்பர் ஒன்பதாம் தேதி பெயின்டர் வருகிறார். வரும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அதனால் நானே தின்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

நஸ்ரின் பட்டியல் போட்டிருக்கிறாள். கோடு காலியான தாள்கள் மொத்தம் ஒன்பது. ஆறு பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். ஒருத்தர் கனடாவில். ஒருத்தர் வேதமூர்த்தி.

மூன்றாவது தாளை என் முன்னால் வைத்தாள். "கட்டோட அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு ஆன்ட்டி," என்றாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

மருதை – குணவதி. அரையிறுதி. முப்பத்துநாலு நகர்வு. கோடு காலி.

அன்று கரண்ட் போய்விட்டது. ஆறரை மணி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு பஸ் கிடையாது. அவசரத்தில் எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். மறுநாள் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

கரண்ட் போகவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் எண்ணெயிலேயே உடைந்து போயிற்று. "யாரு மேல இவ்வளவு கோவம்?" என்றார் வீட்டுக்காரர். உங்க மேலதான் என்றேன். பாவம், அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 2, சனி

வேதமூர்த்தி எல்லார் முன்னாலும் பேனாவைத் திறந்து, தாளைத் தன் பக்கம் இழுத்து, 'தோற்றேன்' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டு வருஷமாக நான் கேட்டது அரை நிமிஷத்தில் நடந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பசி மாதிரி ஏதோ இருந்தது.

மற்றவர்கள் நகர்ந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டினார். "அடுத்தது நீங்க."

"எது?"

"விளையாடாதீங்க குணவதி. நீங்க எந்திரிச்சுப் போன அன்னைக்கிப் பக்கத்து டேபிள்ல நான்தான் ஆடிட்டிருந்தேன். மூத்த உறுப்பினர்னு உங்களை ஃபைனலுக்கு அனுப்புனாங்க. அடுத்த வாரம் என் முறை வந்துச்சு. கோட்டுல எழுதலன்னா ஜெயிச்சுடலாம்னு நீங்கதானே காட்டுனீங்க? உங்ககிட்ட கத்துக்கிட்டதுதாம்மா."

நான் பேனாவை வாங்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார், நிதானமாக. அந்தக் கோட்டில் நான் எழுதினால் நான் இறுதிக்கே வந்தவள் இல்லை. இறுதியில் அவரை ஜெயித்ததும் போட்டிக் கணக்கில் சேராது. எழுதாவிட்டால் ஒன்பதாம் தேதி பெயின்டர் என் பெயரை எழுதுவார். தாளைப் பற்றி நஸ்ரினும் பேச மாட்டாள், அவரும் பேச மாட்டார். "உங்க இஷ்டம்," என்றார்.

கையை ஓங்கியிருப்பேன். மனிதருக்கு என்ன நெஞ்சழுத்தம்! தான் செய்ததையும் என் தலையில் கட்டுகிறாரே!

நவம்பர் 5, செவ்வாய்

பெயர்ப்பலகையில் என் பெயர். நான் கேட்டது இது ஒன்றுதான். இது எனக்கு உரியது. அந்த மருதை அன்று என்ன, பெரிய ஆட்டக்காரனா? நாலு மாதம் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டவன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அசிங்கமாக இருக்கிறது. அடிக்காமல் விடுகிறேன், இருக்கட்டும்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் டீக்கறை. ராணியை நகர்த்திவிட்டு, ஏதோ தப்பு செய்தவன் போல, "மேட்டுங்கம்மா," என்றான். அந்தப் பணிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிளாஸ் கழுவுகிற ஆளிடம் தோற்றேன் என்று நான் எழுதிக் கொடுப்பதா? அதை ஐம்பது வருஷம் அலமாரியில் வைப்பார்களா? பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒரு பெண் என்று என்னை அவமானப்படுத்தினார்கள் என்று முப்பத்தெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி அழுதேனே, அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் செய்ததை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 7, வியாழன்

நஸ்ரின் ஒரே நாளில் விலாசம் பிடித்துவிட்டாள். புத்தூர் பக்கம் சொந்தமாக டீக்கடை வைத்திருக்கிறார் மருதை. தலை முழுக்க நரை. ஆட்டோவிலிருந்து இறங்கியவளைப் பார்த்த உடனே, "எக்ஸ்சேஞ்சும்மாதானே?" என்றார்.

பிஸ்கட் பாட்டில்களை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தேன். அவர் கண் முன்னால் அந்தக் கோட்டில் 'தோற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று ஒரு நினைப்பு இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மருதைக்குக் கோபம் வந்தது. "நான் ஜெயிச்சது எனக்குத் தெரியாதாம்மா? நீங்க பேனா எடுக்கப் போறீங்கன்னு நெனச்சுக் காயைக் கலைக்காம உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து எழுப்பி விட்டாரு. மறுநாள்லேருந்து டீயை வாசல்லயே வெச்சுட்டுப் போன்னுட்டாங்க. உள்ள யாரு ஆடுறா, என்ன ஆடுறான்னு எட்டிப் பாக்கக்கூட வழியில்ல. இப்ப வந்து ஒரு கையெழுத்தப் போட்டுட்டு நீங்க அழுறீங்க?"

வாசலிலேயே வைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட முடியும் என்றுதான் முதலில் நினைத்தேன். "நான்தான் சொன்னேன்," என்றேன்.

"தெரியும்," என்றார்.

பாலை ஆற்றி, இரண்டு பேருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தாளு உங்களுக்குத்தான் வேணும், எனக்கு வேணாம். அரையிறுதி ஜெயிச்சவன் ஃபைனல் ஆடணும்ல? எனக்கு என் ஃபைனல் வேணும்."

இத்தனை வருஷத்தில் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"காயைத் தொட்டதே இல்ல. அதனால என்ன? தோக்கறதா இருந்தாலும் நான் ஆடித் தோக்கணும்."

நவம்பர் 9, சனி

பெயின்டரைத் திருப்பி அனுப்பினேன். ஏணியெல்லாம் தூக்கி வந்த மனிதர் என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

நான் எழுதிய தாளைப் பார்த்ததும் வேதமூர்த்தியின் முகத்தில் ஒரு சிரிப்பு. மருதை என்ன கேட்கிறார் என்று சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா கூத்து இது? முப்பத்தெட்டு வருசம் கழிச்சு ஃபைனலா? அதுவும் அந்த டீக்..."

"சொல்லுங்க," என்றேன். "முழுசாச் சொல்லுங்க. நானும் அன்னைக்கு அதையேதான் நெனச்சேன். வாய்விட்டுச் சொன்னா எப்படி இருக்கும்னு கேக்கணும்."

சொல்லவில்லை. தீர்மானத்துக்கு முதல் கையைத் தூக்கியவர் நீங்கள்தானே, முடிவு மாறினால் போட்டியும் மாற வேண்டாமா, இல்லை அது எனக்கு மட்டும் வைத்த கண்ணியா என்று கேட்டேன். கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். நஸ்ரின் மட்டும் காலண்டரைப் பார்த்து, "பதினேழாம் தேதி ஞாயித்துக்கிழமை சார், நாலு மணி. தாள் நான் ரெடி பண்றேன்," என்றாள்.

நவம்பர் 13, புதன்

வீட்டுக்காரர் கேட்டார், "இதுல உனக்கு என்ன லாபம்?" யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாம்பார் நன்றாக வந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

மருதை கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். நான் போய், "உள்ள வாங்க," என்றேன். உள்ளே வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பத்து நகர்வு வரை அவர் கை ஓங்கியிருந்தது. வேதமூர்த்திக்கு நெற்றி வியர்த்தது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பத்தொன்பதாவது நகர்வில் மருதை ராணியைக் கொண்டுபோய் ஒரு குதிரையின் வாயில் வைத்தார். பக்கத்தில் நின்ற நான் ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். விட்டுப்போன பழக்கம், வேறென்ன? இருபத்தேழாவது நகர்வில் மேட்.

வேதமூர்த்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருதை நஸ்ரினிடம் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். தாளைத் திருப்பி, 'தோற்றேன்' என்று கோட்டையும் தாண்டிப் பெரிய எழுத்தில் எழுதினார். கீழே மருதை என்று கையெழுத்துப் போட்டார். மையை ஊதிக் காயவைத்தார்.

அப்புறம் என்னைப் பார்த்தார், வேதமூர்த்தியைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு பேரும் எந்திரிச்சு ஓடுனீங்க?"

கடைக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு மருதை படியிறங்கிப் போனார்.

எல்லாரும் போனபின் நானே உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். அரையிறுதி: மருதை வெற்றி. இறுதி: வேதமூர்த்தி வெற்றி. குணவதி – வேதமூர்த்தி: குணவதி வெற்றி, போட்டியில் சேராது. எங்கேயும் நட்சத்திரம் இல்லை. ஆக, 1986 சாம்பியன் வேதமூர்த்தியேதான். பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துகூட மாறப்போவதில்லை. அந்த மனிதருக்குக் கோப்பையைப் புளி போட்டு விளக்கி நானே கையில் கொடுத்தது போல ஆகிவிட்டது. வயிறு எரிகிறது.

எரியட்டும். அடுத்த சனிக்கிழமை எண்பத்தேழாம் வருஷக் கட்டு. நான் அந்த வருஷம் ஆடவில்லை. மருதையும் ஆடவில்லை.